நெட் எப்போது கட்டுவார்கள்

வணக்கம், ஐரோப்பிய மகளிர். இதுவரைக்கும் சரி. வணக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது, ஐரோப்பாவிலும் தகராறு இல்லை, மகளிர் மகளிர்தான். அடுத்த சொல்தான் வரவில்லை. மேசைமேல் தீப்பெட்டி அளவில் ஒரு விளக்கு இருக்கிறது, அது சிவப்பானதும் நான் பேச ஆரம்பிக்க வேண்டும் என்று நசீமா அக்கா சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சவுண்டு பார்ப்பவர் அவர். இப்போது என்னைப் பார்த்துக்கொண்டே முறுக்கு சாப்பிடுகிறார், சத்தம் கேட்கவில்லை, முறுக்கு உடைவதைப் பார்க்க மட்டும் முடிகிறது. ஹெட்போன் என் தலைக்குப் பெரியது. கோதண்டம் சாருடைய தலைக்குச் சரிசெய்து வைத்தது. சீசன் முழுக்க அவர்தான் தமிழ் வர்ணனை பேசினார், நான் வெளியே உட்கார்ந்து கோல் விழ விழ எங்கள் கம்பெனியின் விளையாட்டு ஆப்பில் எழுத்தாக அடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இரவு இறுதி ஆட்டம் அவருக்கு. அதற்காகத் தொண்டையைப் பத்திரப்படுத்த வேண்டுமாம், அதனால் அதற்கு முன்னால் நடக்கும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை என்னிடம் தள்ளிவிட்டார். நேற்று தோற்ற இரண்டு அணிகளையும் இன்று மறுபடி கூப்பிட்டு, உங்களில் கொஞ்சமாகத் தோற்றவர் யார் என்று பார்க்கிற ஆட்டம். ஆடுகிறவர்களுக்கே இஷ்டம் இருக்காது. எங்கள் தமிழ் ஒளிபரப்பின் பொறுப்பாளர் டெரன்ஸ் சார் நேற்று கூப்பிட்டு, சுகந்தி, எழுத்து அடிக்கறதுக்கு இனிமே ஆள் வேணாம்மா, அத மிஷினே அடிச்சிடும், பேசறவங்கள மட்டும்தான் அடுத்த சீசனுக்கு வெச்சிக்கப் போறாங்க, நாளைக்குப் பேசிப் பாரு, நல்லா வந்தா இரு, என்றார். நல்லா வரலன்னா என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர். சொல்லாமல் விட்டதால் ராத்திரி முழுக்க அதை நானே பல விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டியதாயிற்று. வணக்கம், ஐரோப்பிய மகளிர்.

கைப்பந்து. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று டெரன்ஸ் சார் சொல்கிறார். ஆப்பின் மேல்பக்கம் மஞ்சள் எழுத்தில் ஐரோப்பிய மகளிர் கைப்பந்து என்று போன செப்டம்பரிலேயே பேனர் போட்டாகிவிட்டது. கை என்றால் ஹேண்டு, பந்து என்றால் பால், இதில் என்ன உனக்கு சந்தேகம் என்கிறார். அவர் சென்னையிலேயே பிறந்து கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவர். எங்கள் பெரம்பலூர் பக்கம் வந்து கைப்பந்து என்று சொன்னால் ஒருவருக்கும் சந்தேகம் வராது, நேராகப் போய் இரண்டு கம்பம் நட்டு நடுவில் நெட் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் கைப்பந்து என்றால் வாலிபால். தமிழ்நாடு பூராவும் அப்படித்தான். இது வாலிபால் இல்லை. இதில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, தரையில் தட்டி, பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து, வாங்கி, எகிறிக் குதித்து, எதிர் அணியின் கோலுக்குள் எறிய வேண்டும். ஆகையால் எறிபந்து என்று வைத்துக்கொள்ளலாம், அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது என்று அக்டோபரில் பணிவாகச் சொன்னேன். சொன்ன அன்றைக்கே எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு எறிபந்து உண்டு. த்ரோபால். அதிலும் நடுவில் நெட் உண்டு. அதாவது இரண்டு சொல்லிலும் நெட் இருக்கிறது. நெட் இல்லாத சொல் தமிழில் கிடையாது. சரி, பேசாமல் ஹேண்ட்பால் என்றே சொல்லிவிடலாம் என்றால், தெருவில் கால்பந்து ஆடுகிற எவனைக் கேட்டாலும் ஹேண்ட்பால் என்பது ஒரு தப்பு, பந்து கையில் பட்டுவிட்டது என்று கத்துவதற்கான சொல். ஐரோப்பிய மகளிர் தப்பு. இரு பக்கமும் திறமையான தப்பு வீராங்கனைகள். போதும் சுகந்தி, திரையைப் பார். திரையில் பெரிய அரங்கம், பாதி நாற்காலி காலி. சிவப்புச் சட்டையில் டென்மார்க்கின் வெஸ்டர்லுண்ட் அணி, நீலச் சட்டையில் ருமேனியாவின் தார்னவா அணி. எல்லாரும் வார்ம் அப் செய்கிறார்கள்.

வார்ம் அப் என்று நினைத்ததும் அப்பா வந்துவிட்டார். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்பா மக்காச்சோள குடோனில் மூட்டை தூக்குகிறவர், ஆனால் ஊரில் அவரை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நெட்டுக்கார அர்ஜுனன் என்றுதான் சொல்வார்கள். நண்பர்கள் கைப்பந்துக் குழுவின் நெட் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கும். அப்பா வந்து கட்டினால்தான் ஆட்டம், அவர் அவிழ்த்தால் முடிந்தது. நடுவில் தொய்யக் கூடாது என்பதற்காக அவர் ஒரு முடிச்சுப் போடுவார், அதை வேறு யாருக்கும் காட்ட மாட்டார், முதுகைத் திருப்பிக்கொண்டு போடுவார். எனக்கு இந்த வேலை கிடைத்ததும் ஆப்பை இறக்கித் தரச் சொன்னார். பேனரைப் பார்த்தார். ஐரோப்பிய மகளிர் கைப்பந்து. கடைசிச் சொல்லில் விரலை வைத்தார். பிறகு, பாத்தியா, நம்ம ஆட்டம், என்றார். இல்லப்பா, இது வேற ஆட்டம், என்றேன், உடனே சொன்னேன், அந்த நிமிஷமே சொன்னேன், அதில் எனக்கு மனசாட்சி உறுத்தல் எதுவும் இல்லை. அவர்தான், வேறன்னா எப்படி பாப்பா, தமிழ்ல எழுதியிருக்கானே, படிச்சவங்க எழுதினது, தப்பா எழுதுவாங்களா, என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு. தாலுகா ஆபீஸில் அப்பா அதைப் பெருமையோடு சொன்னார், ஒருத்தருமே படிக்கலீங்க சார், நல்லா எழுதிக்குங்க என்று. அப்படிப்பட்டவரிடம் போய், படித்தவர்கள் தப்பாகவும் எழுதுவார்கள் என்று எப்படிச் சொல்வது. அப்படித் தப்பாக எழுதுகிறவர்களில் அவர் கண்ணுக்கு முதல் ஆளாக நான்தானே தெரிவேன்.

அதனால் அப்பா சீசன் முழுக்க ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தார், ஒவ்வொரு ஆட்டம் ஆரம்பிக்கும்போதும் கீழே கருத்துப் பெட்டியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நெட்டு எப்ப கட்டுவாங்க. போனில் வாயால் சொல்லி எழுத்தாக்குவதால் எப்போதாவது நெட்டு எட்டு ஆகிவிடும். எட்டு எப்ப கட்டுவாங்க. சம்பந்தமில்லாத கருத்துகளை நீக்குவதும் என் வேலைதான். என் அப்பாவை நீக்குகிற பொத்தான் என் விரலுக்குக் கீழேயே இருந்தது, நான் அழுத்தவில்லை. நவம்பரில் ஒருநாள், கம்பெனியின் பெயரில் பதில் எழுதினேன். ஐயா, இந்த ஆட்டத்தில் நடுவில் நெட் கிடையாது, இரண்டு முனையிலும் கோல் கம்பங்கள் உண்டு. பெற்ற அப்பாவை ஐயா என்று எழுதும்போது கை கூசியது. தகவலுக்கு நன்றி என்று பதில் போட்டார். எனக்கு அப்படியொரு நிம்மதி. மறுவாரம் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் ஆட்டம், நெட்டு எப்ப கட்டுவாங்க. போன் செய்து கேட்டால், அவன் கம்பெனிக்காரன் என்னமோ சொல்றான் பாப்பா, நான் பாத்தவரைக்கும் இவளுங்க ஒன்றரை மணி நேரம் வார்ம் அப்பே பண்றாளுங்க, என்ன ஒடம்பு, என்ன ஓட்டம், ஆனா நெட்டு கட்டி ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம் பாத்து உங்க ஆப்பு நின்னுபோயிடுது, அத முதல்ல சரிபண்ணச் சொல்லு, என்றார். கோல் போட்டு எண்ணிக்கை ஏறுதேப்பா, என்றேன். வார்ம் அப்லயும் எண்ணுவாங்க, வெள்ளக்காரன் எல்லாத்தையும் எண்ணுவான், என்றார். ஜனவரியில் டெரன்ஸ் சார், யாரு இந்த அர்ஜுனன், நம்மள ஓட்டறானா, என்று கேட்டார். ரெகுலரா பாக்கறவர் சார், என்றேன். அது உண்மை. எங்கள் தமிழ் ஒளிபரப்பை ரெகுலராகப் பார்த்தவர்களில் அவர்தான் முதலிடம். கோதண்டம் சாருடைய வீட்டில்கூடப் பார்க்கவில்லை.

இன்று காலை அப்பா போன் செய்தார். செல்வம் செல்போன் கடையில பெரிய டிவில போடறோம் பாப்பா, நம்ம பழைய டீம் ஆளுங்க எல்லாரும் வராங்க, மொட்டையன் கரூர்லேருந்து பஸ்ஸு ஏறிட்டான். எதுக்குப்பா அவரையெல்லாம், என்றேன். நீ பேசற இல்ல, என்றார். சும்மா மூணாம் இடம்பா, தோத்தவங்க ஆடறது, என்றேன். இருக்கட்டும், தோத்தாலும் ஆட்டம் ஆட்டம்தானே, அதோட ஒண்ணு சொல்லிவெச்சிருக்கேன் அவனுங்ககிட்ட, கடைசி நாள், எம்பொண்ணே பேசறா, இன்னைக்காச்சும் நெட்டு கட்டிருவாங்கன்னு. வைத்துவிட்டார். பிரச்சினை இதுதான். நான் கைப்பந்து என்று சொன்னால் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு செல்போன் கடையில் வயதான வாலிபால்காரர்கள் ஒன்றரை மணி நேரம் நெட்டுக்காகக் காத்திருப்பார்கள், கடைசியில் மொட்டையன் மாமா அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார், அவர் சிரித்தால் கடைத்தெரு முழுக்கக் கேட்கும். எறிபந்து என்று சொன்னால் உடனே சிரிப்பார், என்னடா அர்ஜுனா, பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஆடறதப் பாக்கவா என்னைய பஸ்ஸு ஏறி வரச்சொன்ன, என்று. அதோடு பேனருக்கு விரோதமாகப் பேசியதாக டெரன்ஸ் சார் முகம் கோணும், வேலை போகும். வேலை போனால் அப்பா அதையும் ஆப்பு நின்றுபோனதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஹேண்ட்பால் என்று சொல்ல டெரன்ஸ் சார் விடமாட்டார், இங்கிலீஷ்ல சொல்றதுக்கு எதுக்குடாம்மா தமிழ் கமென்டரி, என்பார். சொல்லே இல்லாமல் ஓர் ஆட்டத்தை எப்படி ஆரம்பிப்பது. வணக்கம், ஐரோப்பிய மகளிர் வந்திருக்கிறார்கள். எங்கே வந்திருக்கிறார்கள், கல்யாணத்துக்கா.

திரையில் தார்னவாவின் கிரெக்கு பந்தை எடுக்கிறாள். நடுவில் நின்று ஆட்டத்தைப் பிரித்துக் கொடுப்பவள் அவள். விரலிலெல்லாம் பிசின். பந்து வழுக்காமல் இருக்க எல்லாரும் பூசிக்கொள்கிறார்கள், பலாப்பழம் அரிந்த கையோடு பள்ளிக்கூடம் போனால் பேனா கையை விட்டு வராதே, அந்த மாதிரி. நேற்று கடைசி நொடியில் அவளுக்கு ஏழு மீட்டர் எறி கிடைத்தது, எதிரே கோலைக் காக்கிற கோலி மட்டும், போட்டிருந்தால் இன்று இரவு இறுதி ஆட்டம். கம்பத்தில் அடித்தாள். இப்போது அதே கம்பத்தில், வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறாள். கோல் திறந்து கிடக்கிறது, அதற்குள் எறியவில்லை, கம்பத்தில்தான். கோபமா, இல்லை கம்பத்தோடு சமாதானமா என்று தெரியவில்லை. சூயிங்கம் மென்றுகொண்டே அடிக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கிறது. பெயரும் சுலபம், கிரெக்கு. வெஸ்டர்லுண்டில்தான் பயம், அங்கே பாதிப் பேர் சென் என்று முடிகிறார்கள், முடிகிற இடம் தெரிகிறது, ஆரம்பிக்கிற இடம்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது. அவர்களுடைய கோலியின் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டு அந்த அணிக்கே எழுதினேன், பாவம் யாரோ நல்லவர், பேசி அனுப்பினார். அதைக் கேட்டபோது, சுடச்சுடக் களியை விழுங்கியவர் தன் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது. ஹோய். வெறும் ஹோய். நம்மூரில் மாட்டை விரட்டுகிற சத்தம். ஹோய் பிரமாதமாகத் தடுத்தார். தடுத்தார் ஹோய். மொட்டையன் மாமா சிரிப்பார்.

அதைவிடப் பயம் நடுவர்தான். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அணியாகவும் சும்மா அங்கும் இங்கும் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது, கோலுக்குப் போகிற எண்ணமே இல்லாமல் பந்தை உருட்டினால் நடுவர் ஒரு கையை உயர்த்திவிடுவார். போடு, இல்லையென்றால் பந்தைப் பிடுங்கி அடுத்தவளிடம் கொடுப்பேன் என்று அர்த்தம். செப்டம்பரில் முதல் ஆட்டத்தில் எனக்கு அது தெரியாது. வகுப்பில் கை தூக்கியே பழக்கப்பட்டவள் நான், நடுவர் ஏதோ கேட்க விரும்புகிறார் என்று ஆப்பில் அடித்துவிட்டேன். கொஞ்சம் கழித்து, நடுவருக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றும் அடித்தேன். நல்லவேளை, அன்று பார்த்தது அப்பா மட்டும்தான், பாவம் நெட்டைப் பத்திக் கேக்கறாரு போல, என்று போனில் சொன்னார். பிற்பாடு அந்த விதியைப் படித்தபோது என்னைப் பற்றி யாரோ புகார் எழுதியதுபோல் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தால் உட்காரலாமா, யாராவது வருவார்களா என்று யோசிப்பேன், யோசிப்பதற்குள் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பதற்கு வாக்கியம் தயார் செய்து முடிக்கும்போது வாளி அடுத்த பந்திக்குப் போயிருக்கும். என் தலைக்குள் எந்நேரமும் ஒரு நடுவர் கையை உயர்த்தியபடியே நிற்கிறார், அவருக்குக் கை வலிக்காதா என்று வேறு நான் யோசிக்கிறேன். இதோ, இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். திரையில் அணிகள் வரிசையாக நிற்கின்றன. வணக்கம், ஐரோப்பிய மகளிர். கைகுலுக்குகிறார்கள். வணக்கம். நசீமா அக்கா முறுக்கு டப்பாவை மூடுகிறார். டெரன்ஸ் சார் வந்து அவருக்குப் பின்னால் நிற்கிறார். கருத்துப் பெட்டி காலியாக இருக்கிறது, இல்லை, வந்துவிட்டது, அர்ஜுனன் ஏ. நெட்டு எப்ப கட்டுவாங்க. கீழேயே இன்னொன்று, வேறு பெயரில், கரூர் மொட்டையன், ஆமா எப்ப.

விளக்கு சிவப்பாகிவிட்டது. இவ்வளவு சின்ன விளக்கு இவ்வளவு சிவப்பாக ஆகும் என்று நான் நினைக்கவில்லை. வணக்கம் என்றேன். என் குரல் ஹெட்போனில் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி கேட்டது. வணக்கம், ஐரோப்பிய மகளிர். ஒரு நொடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நசீமா அக்காவின் கண் பெரிதாகிறது. இரண்டு. டெரன்ஸ் சார் மெதுவாக, தலைக்கு மேல், ஒரு கையை உயர்த்துகிறார். அதே கை, அதே உயரம், அவர் சீசனில் ஓர் ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை, அந்தச் சைகை அவருக்கு எப்படித் தெரியும், தெரியாது, நிறுத்து என்கிறாரா, பேசு என்கிறாரா, நாற்காலியை விட்டு எழுந்திரு என்கிறாரா. போடு. போட்டுவிட்டேன். இன்னைக்கும் நெட்டு கட்ட மாட்டாங்க, என்றேன். நான் எழுதி வைத்திருந்த எந்த வாக்கியத்திலும் அது இல்லை. இந்த ஆட்டத்துக்கு நடுவுல நெட்டே கெடையாதுங்க. மேல கைப்பந்துன்னு போட்டிருக்கும், அதுக்குத் தமிழ்ல சரியான பேரு இன்னும் யாரும் வெக்கல, சீசன் முழுக்க யோசிச்சுப் பாத்தேன், எனக்கும் வரல. இப்ப விசில் அடிச்ச உடனே ஓடுவாங்க பாருங்க, அதுதான் ஆட்டம், வார்ம் அப் இல்ல. விசில் அடித்தது. பந்து கிரெக்குவிடம் வந்தது.

அதற்கப்புறம் என்ன பேசினேன் என்று கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை, வாய் முன்னால் போனது, நான் பின்னால் ஓடினேன். ஹோய் இரண்டு கையையும் காலையும் விரித்து, கொட்டகையை விட்டு ஓடப் பார்க்கிற கன்றுக்குட்டியை மறிப்பதுபோல் நிற்கிறார் என்றேன், கிரெக்குவின் கையில் பந்து ஒட்டியிருப்பது பிசின் என்றேன், நேற்று அடித்த கம்பத்தை இன்று காலி கோலை விட்டுவிட்டுத் தேடிப் போய் அடித்தாள் என்றேன். டெரன்ஸ் சாருடைய கை இன்னும் இறங்கவில்லை. கருத்துப் பெட்டியில் அசைவில்லை. செல்போன் கடையில் என்ன நடக்கிறதோ, மொட்டையன் மாமா சிரித்து முடித்தாரோ, அப்பா எழுந்து வெளியே போய்விட்டாரோ. பிறகு ஒரு வரி வந்தது. ஒரு பக்கத்துக்கு எத்தன பேரு. அர்ஜுனன் ஏ. ஒன்பது மாதமாக ஒரே கேள்வி கேட்டவர் இரண்டாவது கேள்வி கேட்கிறார். ஏழு பேரு, என்றேன் மைக்கில். ஏழா, என்று வந்தது. கம்பத்துகிட்ட நிக்கிறவளையும் சேத்தா. அவங்களையும் சேத்துதான், என்றேன். அப்ப நம்மளவிட ஒண்ணு ஜாஸ்தி, என்று மொட்டையன் மாமா எழுதினார். பிறகு நான் கேள்விப்படாத பெயர்களெல்லாம் வர ஆரம்பித்தன, எதுக்கு அந்தப் பொண்ண வெளிய உக்கார வெச்சாங்க, ரெண்டு நிமிஷம் தண்டனைங்க, தள்ளிவிட்டாங்க இல்ல, என்றேன், நானும் பாத்தேன், வேணும்னே தள்ளினா. ஹெட்போனில் டெரன்ஸ் சாருடைய குரல், எனக்கு மட்டும் கேட்பது, சுகந்தி, யாரும்மா அந்த அர்ஜுனன். கேட்டது எனக்கு மட்டும், ஆனால் என் மைக் எல்லாருக்கும் திறந்திருந்தது, அது ஞாபகம் இல்லாமல், எங்கப்பா சார், என்றேன். ஐரோப்பிய மகளிர் ஏதோவின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், பதினோராவது நிமிடத்தில், தமிழ் வர்ணனையாளர் எங்கப்பா சார் என்றார். கிரெக்கு எகிறினாள். கம்பத்தின் உள்பக்கத்தில் பட்டு, உள்ளே.

டெரன்ஸ் சார் கையை இறக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார், நிஜமாகவே பார்த்தார். பிறகு ஹெட்போனில், கைப்பந்துன்னு ஒரு தடவகூட நீ சொல்லல, என்றார். இந்த முறை மைக் ஞாபகம் இருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன். சரி விடு, அந்த பேனர எடுத்துடலாம், அடுத்த சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள வேற ஒரு பேரு யோசிச்சு வை, உனக்கு மூணு மாசம் டைம், என்றார். மூன்று மாதம். என்னைப்போன்ற ஒருத்தியிடம் மூன்று மாதம் கொடுத்து ஒரு சொல்லை யோசிக்கச் சொல்கிறார். வீசுபந்து, ஓடுபந்து, பிசின்பந்து, என்று அது உடனே உள்ளே உருள ஆரம்பித்துவிட்டது, அப்புறம் என்றேன் அதனிடம், அப்புறம், இடைவேளை விசில் அடிக்கப் போகிறது. அடித்தது. தண்ணீர் குடித்தேன். கருத்துப் பெட்டியில் அப்பா வந்திருந்தார். அப்ப இத்தன மாசமா நான் பாத்ததெல்லாம் ஆட்டமா. பிறகு அடுத்த வரி வந்தது, வாயால் சொல்லி எழுத்தானது, பக்கத்தில் யாரோ சிரித்ததும் சேர்ந்து விழுந்திருந்தது. எல்லாத்தையும் முதல்லேருந்து போடச் சொல்லு பாப்பா ஹா ஹா டேய் மொட்ட சும்மா இருடா.